மாமா பாயில் விரித்த குகைப் பாதை

நம் வயதுக்காரர்களே, மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அதனால் ரொம்பச் சுற்றி வளைக்காமல் சொல்லப் பார்க்கிறேன். போன வாரம் என் மகன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அம்மா, கடப்பா தாண்டி ஒரு குகை இருக்குது, ஃபுல்லா லைம்ஸ்டோன். கார்ல விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா நைட்டுக்குள்ள வந்துரலாம். வர்றியா?" என்றான். திரையில் காஞ்சிபுரத்திலிருந்து வடமேற்கே ஒரு நீலக் கோடு போனது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அவன் பாவம், எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்தான்.

அந்தக் குகைக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் நாங்கள் போகத் திட்டம் போட்டோம். நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். வீட்டில் மற்றவர்களுக்கு அது குஷியான விடுமுறை. எனக்குச் சோறு இறங்காத விடுமுறை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு பட்டுக்கடை முதலாளியின் அம்பாசடர் காருக்கு டிரைவர். அவருக்கு மாலைக்கண். பகலில் தெருக்கோடியில் வருகிறவரின் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைச் சொல்வார். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முதலாளி காதுக்குப் போனால் அன்றே வேலை போய்விடும். பொன்னாங்கண்ணிக் கீரையும் ஆட்டு ஈரலுமாக அம்மா ஆக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கீரை தின்று எங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம்.

நல்லவேளையாக முதலாளி சீக்கிரம் படுத்துவிடுகிறவர். பெரும்பாலும் பகல் ஓட்டம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் முதலாளியம்மா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவார்கள். அன்றைக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அம்பாசடரில் முன்சீட்டு ஒரே பலகையாக இருக்கும், ஞாபகமிருக்கிறதா? அதில் அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து நான் பேசிக்கொண்டே வர வேண்டும். "அப்பா, ஒரு மாடு நடுரோட்டுல படுத்துக்கினு இருக்குது. அப்பா, சோத்துக் கைப் பக்கம் ஒரு தாத்தா சைக்கிள்ல வர்றாரு, லைட்டே இல்ல. அப்பா, ஐஸ் வண்டிக்காரரு நம்ம பக்கமா திரும்புறாரு." பின்சீட்டிலிருந்து முதலாளியம்மா சிரிப்பார்கள். "உம் பொண்ணுக்கு வாயே வலிக்காதாப்பா?" என்பார்கள். டிரைவருக்குப் பெண் மேல் உயிர், ஒரு நிமிஷம் பிரிய மாட்டார் என்று தெருவெல்லாம் சொல்வார்கள். எனக்கு வாயாடி என்று பட்டம் கிடைத்தது. நான் பிறவியிலேயே பேச்சு குறைவான ஆள். இப்போதும் அப்படித்தான், என் மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று நினைத்தால் அப்பா மேல் கோபம் வருகிறது. அம்மா மேல் அதைவிட அதிகம் வருகிறது. பின்சீட்டில் யார் வீட்டு மனிதர்களையோ வைத்துக்கொண்டு, என் வாயை நம்பி ஒரு காரை ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை மேல் அன்பு இருந்தது, அந்த ஒரு விஷயத்தில் புத்திதான் இல்லை.

சரி, குகைக்கு வருகிறேன். அதைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித் தறி வைத்திருந்தார். அவர் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த குரல் அது. அவர் வீட்டு அடுப்படிக்குக் கடப்பைக் கல் போட்டார்கள். கல் ஏற்றிவந்த லாரிக்காரர் காபி குடித்துக்கொண்டே, கல் வெட்டுகிற ஊர்களுக்கு அப்பால் பூமிக்கு அடியில் ஒரு குகை இருப்பதாகச் சொல்லிவிட்டார். உள்ளே கோயில் மண்டபம் அளவுக்கு இடம் இருக்கிறதாம். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கல்லே மாட்டு மடி போலத் தொங்குகிறதாம். லாரிக்காரர் போய்விட்டார். மாமா அன்றைக்குத் தறி நாடாவைக் கையில் எடுக்கவே இல்லை.

"பாதி ஒடம்ப தறிக் குழிக்குள்ள வுட்டுக்கினு முப்பது வயசு தாண்டிட்டேன். ஒரு நாளாவது முழுசா பூமிக்குள்ள போயி பாக்கணும்மா," என்றார் அம்மாவிடம். மாமா திருப்பதிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. முதலாளியோ, அப்பா இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறார் என்று மெச்சி, ஒரு நாளைக்குக் குடும்பத்தோடு காரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றுசேர்ந்தன. யாரும் எங்களைக் கேட்கவில்லை.

நாள் எது என்பதில் பேச்சே இல்லை. தறிக்காரர்களுக்கு மாதத்தில் ஒரே விடுமுறை அமாவாசை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறிகூட ஓடாது. ஓட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அன்றைக்கு மட்டும் எங்கள் தெருவில் காக்கை கத்துவது காதில் விழும். ஆக, வருகிற அமாவாசை என்று முடிவானது. நிலா இல்லாத ராத்திரி என்பதை எங்கள் வீட்டில் மூன்று பேர்தான் யோசித்தோம்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்தார். மடியிலிருந்து கழிவுப் பட்டு நூல்களை எடுத்தார். பாயின் ஒரு மூலை காஞ்சிபுரம், எதிர் மூலை குகை. வெளிச்சத்தில் போகிற தூரத்துக்கு மஞ்சள் நூல் வைத்தார், இருட்டில் போகிற தூரத்துக்குக் கறுப்பு நூல். அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புளியங்கொட்டை. நடுராத்திரியில் கிளம்புவதாகக் கணக்கு, அதனால் அவர் வைக்க வைக்கக் கறுப்பு நூல் நீண்டுகொண்டே போனது. குகை வாசலில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. திரும்பி வருகிற வழியில் பாதியிலிருந்து மறுபடியும் கறுப்பு.

அப்பா கதவோரம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "விடிஞ்சப்புறம் கிளம்புனா இன்னா மச்சான்?"

"விடிஞ்சி கிளம்புனா உச்சி வெயில்லதான் கடப்பா போவோம் மாப்ள. குகைய எப்ப பாக்கறது? வெளிய நின்னு கும்புட்டுட்டு வரலாமா?"

"இவ்ளோ தூரம் வேணாமே. தாமல் ஏரிக்கரைக்குப் போனா பசங்க நல்லா ஓடியாடும்."

"ஏரிய பாக்கறதுக்கு எதுக்கு மாப்ள காரு? நான் சைக்கிள்ல வெச்சி மிதிப்பேன்!" அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சிரித்தாள். மாமாவின் இரண்டு பையன்களும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ராவுல ஓட்ட பயப்படுறீங்களா? சொல்லிடுங்க, வேற டிரைவர பாத்துக்கலாம்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அம்மா அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "அமாவாச அன்னிக்கு படையல் போட்டு காக்காவுக்கு சோறு வைக்காம எப்பிடிண்ணா வாசல் தாண்டறது? நம்ம அப்பாவுக்கு நீதான வைக்கணும்?"

மாமா ஒரு கணம் தடுமாறினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அத்தை விட்டால்தானே. "வழியில ஆக்கி வெச்சிட்டா போச்சி. ஆந்திராவுல காக்கா இல்லியா இன்னா?"

அடுத்த நாள் அம்மா பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காவைப் பிடித்தாள். அவர்களுக்கு அமாவாசை ஆகாத நாள். "அமாவாஸ்யாக்குப் பிரயாணமா? வத்தும்மா, வத்து, வேணாம்! எங்க ஆளுங்க வாசப்படிய தாண்டமாட்டோம்," என்று அவள் இரண்டு கையையும் ஆட்டிச் சொன்னாள். அம்மா அவளை அப்படியே மாமா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமா நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார். "அது ஒங்களுக்கும்மா. எங்களுக்கு அமாவாசதான் நல்ல நாளே. பாதி ஊரு புதுக்கடை தெறக்கறது அன்னிக்குத்தான்."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலமே அப்பா எல்லோருக்கும் எதிரில் சொல்லிவிட்டார். "நானே ஓட்டறேன். எந்நேரம்னாலும் ஓட்டறேன்."

ஆண்பிள்ளை ரோஷத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதோடுதான் குடும்பம் நடத்தியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு விதமான ஏற்பாடுகள் நடந்தன. அத்தை புளிக்காய்ச்சல் கிண்டினாள். பச்சை வயர் கூடை பின்னினாள், இப்போது அந்த மாதிரி யாரும் பின்னுவதில்லை. மூன்று பாட்டரி போடும் நீள டார்ச் ஒன்றை மாமா வாங்கி, குகைக்கு என்று சொல்லிப் பட்டப்பகலில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலோ அம்மா என்னை மத்தியானத்தில் கட்டாயப்படுத்தித் தூங்க வைத்தாள். "அன்னிக்கு ராத்திரி பூரா நீ கண்ணு மூடக் கூடாது பாப்பா. பேசிக்கினே இருக்கணும். லாரி லைட்டு ஒண்ணா ரெண்டான்னு பாத்து சொல்லணும், ஒண்ணு எரியலன்னா சைக்கிள்னு அப்பா நெனச்சிடுவாரு." சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னாள். நான் தலையாட்டினேன். கோயில் தெருக்களை எனக்குத் தெரியும். ஆந்திரா ரோட்டை எனக்கு எப்படித் தெரியும்? கண் மூடினால் கறுப்பு நூல்தான் தெரிந்தது. நான் தூங்கிவிடுவேன், என்னால் எல்லோரும் செத்துப்போவோம் என்று நம்பினேன். இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் அப்பா அழுவார் என்று தோன்றியது.

அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மாமாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. ஏழு பேர் காருக்குள் எப்படி உட்காருவது என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். காரைக் கடையில் விடும் முன்னால், சாயங்காலம், ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் ஒரு சுற்று. அப்பா மறுக்கவில்லை. சூரியன் விழ இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அத்தை புடவை மாற்றினாள், பையன்கள் சண்டை போட்டார்கள், தெலுங்குக்கார அக்காவையும் சும்மா ஒரு சுற்று வரச் சொல்லி ஏற்றிக்கொண்டார்கள். கிளம்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

நான் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறினேன். மாமா என்னை இடுப்போடு தூக்கிப் பின்னால் தன் மடியில் வைத்துக்கொண்டார். "முன்னாடி என் பசங்க ரெண்டு பேரும் ஒக்காரட்டும். ராத்திரி பூரா உன் வாயக் கேட்டா டிரைவரு தூங்கிடுவாரு."

"மாமா, நான் அப்பா கிட்ட ஒக்காரணும்."

"சும்மா இருடி."

அம்மா இன்னொரு ஜன்னலோரம் இருந்தாள். அவள் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. கார் நகர்ந்தது. முன்சீட்டில் இருந்த பையன்களின் தலைகள் எனக்குக் கண்ணாடியை மறைத்தன. நான் எக்கி எக்கிக் கத்தினேன். "அப்பா, ஆட்டோ! அப்பா, அந்தப் பக்கம் பஸ் நிக்குது, ஆளுங்க எறங்குறாங்க!" அப்பா மெதுவாகத்தான் போனார். கடைகளின் விளக்கு இருந்ததால் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். சன்னதித் தெரு திரும்பியதும் கரண்டு போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் அணைந்தது. பையன்கள் "ஹோ" என்று கூச்சல் போட்டார்கள்.

"அப்பா, நேரா..." என்று ஆரம்பித்தேன். "காது கிழியுதுடி," என்று மாமா என் வாயைப் பொத்தினார். அவர் கையில் சாயமும் கஞ்சியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அந்தக் கைக்கு மேலே, பையன்களின் தலைகளுக்கு நடுவே, கார் விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். ஒரு பூக்காரம்மா தலையில் கூடையோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தாள். கார் நிற்கவில்லை.

நான் மாமாவின் கையை ரத்தம் வரக் கடித்தேன். "அப்பா, பிரேக்கு! ஆளு, ஆளு!"

கார் குலுங்கி நின்றது. கூடை பானெட் மேல் விழுந்து மல்லிகைச் சரம் விளக்கின் மேல் தொங்கியது. பூக்காரம்மா விழவில்லை. ஒரு கையைக் காரின் மூக்கில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு ஆரம்பித்தாள். "யோவ், கண்ணு தெரியல உனக்கு? இன்னாத்தப் பாத்துக்கினு ஓட்டுற? கண்ணுல இன்னா கொள்ளிக்கட்டையா வெச்சிருக்குது?"

அப்பா அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாத பக்கமாகப் பார்த்து, கைகூப்பினார்.

மாமா அதைப் பார்த்தார். கடிபட்ட கையை உதறக்கூட இல்லை. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலோரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். நான் அத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும்.

அவர் இறங்கிப் போய்ப் பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அந்த அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மாமா தணிந்து பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள, பிரேக்கு சரியா புடிக்கல போலக்குது. இங்கியே பாய் ஷெட்டுல வுட்டுட்டு நடந்து போலாம், எறங்குங்க," என்றார். நல்லவேளை, மெக்கானிக் பாயின் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. பாய் ஆளை வைத்து வண்டியைத் தள்ளி உள்ளே விட்டார். பிரேக்கில் ஒன்றும் இல்லை என்று மறுநாள் அவர் சொல்லியிருப்பார். மாமா என்ன பதில் சொன்னாரோ.

வீட்டுக்கு நடந்தோம். மாமா கையோடு கொண்டுவந்திருந்த அந்த நீள டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் போனார். வெளிச்சத்தைத் தன் காலடியில் காட்டவில்லை. கையைப் பின்னுக்கு வளைத்து, அப்பா கால் வைக்கிற இடத்தில் காட்டிக்கொண்டே போனார். அத்தை, "இன்னாங்க இது, எனக்கு ஒண்ணும் தெரியல," என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையில் மாமா தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். அவசரக் கல்யாணப் புடவைக்கு ஆர்டர் வந்துவிட்டது, அமாவாசைக்கு மறுநாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும், குகை கிடையாது. அத்தை அழுது சண்டை போட்டாள். வயர் கூடையைக் கூரை எரவாணத்தில் வீசினாள். தெருக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னாப்பா, குகைக்குப் போயிட்டு அதுக்குள்ள திரும்பிட்டியா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். ஒருவர் விடாமல் கேட்டார். "அமாவாசைக்குத்தான் தறி ஓடாதே, அன்னிக்கு எதுக்கு வூட்ல ஒக்காருற?"

 மாமா சொன்ன பொய் நிற்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அமாவாசை அன்று படையல் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, தெரு ஓய்ந்திருந்தபோது மாமா வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது. ஒற்றைத் தறி. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிறந்து வளர்ந்தவள் நான், அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன். ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வயதான நெசவுக்காரர் ஒருவர் மாமா வீட்டுப் படியில் நின்று, "குடும்பம் விளங்குமா? பெத்தவங்களுக்கு சோறு வெச்ச கையாடா இது?" என்று கத்தினார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். தறி நிற்கவில்லை.  பெரிய வாய்க்காரரான மாமா அன்று அவர்களிடம் வாயே திறக்கவில்லை.

அப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "எங்கண்ணன் உங்களுக்காக ஏச்சு வாங்கிக்கினு இருக்குது," என்று மட்டும் சொன்னாள்.

அப்பா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். நல்ல வெயில். கார் சாவியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தே போனார். அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. திரும்பி வரும்போது கையில் சாவி இல்லை. பிறகு அதே கடையில் பகலில் புடவை மடித்து அடுக்குகிற வேலை கிடைத்தது, கடைசிவரை அதில்தான் இருந்தார். ஆனால் அது கிடைக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

வந்தவர் எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே மாமா வீட்டுக்குள் போனார். சின்ன வயதில் அப்பாவும் தறியில் புடவைக் கரை போட்டவர்தான். மாமாவுக்குப் பக்கத்தில், கரை நாடா தள்ளுவதற்குப் பையன்களை உட்கார வைக்கிற இடத்தில், காலை மடக்கி உட்கார்ந்தார். வாசலில் நின்றவர்கள் இப்போது அப்பாவையும் சேர்த்துத் திட்டினார்கள். மாமா தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்,  "மாப்ள, ஒரு இழை வுட்டுட்டீங்க," என்றார். அப்பா குனிந்து அதைச் சரிசெய்தார். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் நெய்தார்கள்.

இருட்டத் தொடங்கியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல நான் தலைவாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் என் வயதுப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"கோயிலுக்கு. வண்டியில."

"வண்டி இல்ல பாப்பா. இனிமே அப்பா வண்டி ஓட்ட மாட்டாரு. நீ போயி ஆடு."

நான் தெருவில் இறங்கினேன். நாலு அடி வைத்தேனோ இல்லையோ, எனக்குள் ஏதோ உடைந்து அழுகை வந்துவிட்டது. அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து, மூச்சு வாங்க முடியாமல், வாய்விட்டு அழுதேன். பயம் போனதற்கு ஒருவர் அப்படி அழ முடியும் என்று எனக்கே தெரியாது.

அத்தைதான் முதலில் ஓடிவந்தாள். அன்று நாள் முழுக்க அழுத கண்ணோடு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "கொழந்த எவ்ளோ ஆசையா இருந்திருக்குது பாரு! அழாதடி என் கண்ணு. அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம். உங்கப்பாவே ஓட்டுவாரு, நீ முன்னாடி ஒக்காந்து பேசிக்கினே வரலாம்."

அவள் தோளுக்கு மேலே, தறி வீட்டு வாசலில் மாமாவும் அப்பாவும் நிற்பது தெரிந்தது. நான் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன்.